முதுகுக்குப் பின்னால் சூரியன்

மாலை ஆறு மணிக்கு நாயை மொட்டை மாடியில் நிறுத்தி, அதற்குப் பின்னால் சிவந்த வானம் தெரியும்படி போனை நீட்டிப் படமெடுத்தால் பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் கிடைக்கிறது. வானம் கண்ணால் பார்த்தபடியே வந்திருக்கும், நாய் மட்டும் கண் மூக்கு தெரியாமல் கறுத்துக் கிடக்கும். அல்லது நாயின் முகம் தெளிவாக இருக்கும், வானமோ நிறமெல்லாம் போய் வெளுத்திருக்கும். போன் சரியில்லை என்று அடுத்த மாடலின் விலையை விசாரிப்பவர்கள் உண்டு. அசைந்துவிட்டது என்று நாயைத் திட்டுபவர்களும் உண்டு. இரண்டு பேருமே பழியைத் தவறான இடத்தில் போடுகிறார்கள். கோளாறு படமெடுப்பவர் நின்ற இடத்தில் இருக்கிறது. அந்திச் சூரியனைப் படத்துக்குள் கொண்டுவரப் போகிறோமா, அதை ஒரு விளக்காக வைத்துக்கொண்டு நாயை எடுக்கப் போகிறோமா என்பதை முதலிலேயே தீர்மானித்துவிட வேண்டும். புதிதாகப் படமெடுக்கத் தொடங்குபவர்கள் இரண்டாவதிலிருந்து தொடங்குவதே நல்லது என்பது என் வாதம். அஸ்தமனத்துக்கு முகம் காட்டி நிற்பவரைவிட அதற்கு முதுகு காட்டி நிற்பவருக்குத்தான் பெரும்பாலும் நல்ல படம் அமைகிறது.

காரணம் கேமரா வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது. நம் கண் வானத்தைப் பார்க்கும்போது ஒரு மாதிரியும் நாயைப் பார்க்கும்போது வேறு மாதிரியும் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. இரண்டையும் சேர்த்து ஒரே காட்சியாக மூளை நமக்குத் தருகிறது. கேமராவுக்கு ஒரு சொடுக்கில் ஓர் அளவு வெளிச்சம்தான். அந்த அளவை எப்படி முடிவு செய்கிறது என்றால், எதிரே இருப்பதெல்லாம் சேர்ந்து சராசரியாக ஒரு நடுத்தரச் சாம்பல் நிறம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது. மேல்பாதி முழுக்கப் பளிச்சென்ற வானமாக இருந்தால் கணக்கு வானத்தின் பக்கம் சாய்ந்து, கீழே நிற்கும் நாய் இருண்டுவிடுகிறது. திரையில் நாயின் முகத்தைத் தொட்டால் கணக்கு நாயின் பக்கம் திரும்பி, வானம் வெளுத்துவிடுகிறது. எந்த விலைக்கு வாங்கிய கேமராவிலும் அடிப்படை இதுதான். விலை கூடக்கூட இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைக் கொஞ்சம் சுருக்கலாம், அவ்வளவே.

சூரியனை விளக்காக வைத்துக்கொள்வதில் அப்படி என்ன லாபம்? சூரியன் உச்சியில் இருக்கும்போது ஒளி காற்று மண்டலத்தைச் செங்குத்தாகக் கடந்து வருகிறது. அந்தியில் அதே ஒளி சாய்வாக, பல மடங்கு நீளமான பாதையில் காற்றைக் கடக்கிறது. நீல ஒளியைக் காற்றின் மூலக்கூறுகள் அதிகம் சிதறடிக்கும் என்று லார்ட் ராலே 1899-இல் கணக்கோடு விளக்கினார். நீண்ட பாதையில் நீலம் வழியிலேயே சிதறிப்போக, மஞ்சளும் சிவப்பும் நம்மை வந்தடைகின்றன. நிறத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது திசை. உச்சி வெயில் நாயின் முதுகில் விழுந்து, கண்ணையும் மோவாயையும் நிழலில் தள்ளிவிடும். அந்தி ஒளி தரையை ஒட்டிப் படுக்கையாக வருவதால், நான்கு காலில் நிற்கும் ஓர் உயிரின் கண்ணுக்குள்ளும் மார்புக்கும் அடிவயிற்றுக்கும் எட்டுகிறது. வானத்தைப் படமெடுக்கும்போது நமக்குக் கிடைப்பது நிறம் மட்டும். வானத்துக்கு முதுகு காட்டினால் நிறமும் திசையும் சேர்ந்து நாயின் மேல் விழுகின்றன. இதில் போன் செய்யும் ஒரு குறும்பு உண்டு. மஞ்சள் அதிகமாக இருக்கிறதே என்று நினைத்து, ஒயிட் பேலன்ஸ் என்ற தானியங்கி ஏற்பாடு அதைக் குறைத்து, மாலையைப் பிற்பகலாக மாற்றிவிடும். புரோ மோடு உள்ள போனில் அதைத் தானியங்கியிலிருந்து எடுத்துவிட்டு வெயில் படம் போட்ட குறியிலோ மேகக் குறியிலோ வைத்தால் பொன்னிறம் நிற்கும். இல்லாவிட்டால் எடுத்த பிறகு எடிட்டிங்கில் வெதுவெதுப்பைக் கொஞ்சம் கூட்டலாம்.

இந்த வெளிச்சம் எவ்வளவு நேரம் கிடைக்கும் என்பதில் நம் ஊர்க்காரர்கள் ஏமாந்துபோகிறார்கள். இணையத்தில் கிடைக்கும் புகைப்படக் குறிப்புகள் பெரும்பாலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எழுதப்பட்டவை. அவற்றில் ‘கோல்டன் ஹவர்’ என்று ஒரு மணி நேரக் கணக்கு வரும். ஜூன் மாதத்து லண்டனில் சூரியன் சாய்வாகச் சறுக்கிக்கொண்டே இறங்குவதால், அடிவானத்துக்கு 6 டிகிரி மேலே இருக்கும் சூரியன் மறைய ஏறக்குறைய 50 நிமிடம் ஆகும். சென்னை 13-ஆவது அட்சரேகையில் இருக்கிறது. இங்கே சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக இறங்குகிறது, அதே 6 டிகிரி 25 நிமிடத்தில் முடிந்துவிடும். வட்டம் அடிவானத்தைத் தொட்டு முழுக்க மறைவதற்கு இரண்டேகால் நிமிடம் போதும். ஆகவே சென்னையில் ‘ஆறு மணிக்கு மேல் போகலாம்’ என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தால் காரியம் நடக்காது. நவம்பர் கடைசியில் அஸ்தமனம் 5.40 வாக்கில், ஜூலை தொடக்கத்தில் 6.40-ஐ ஒட்டி. நாள்காட்டித் தாளில் அன்றன்றைக்கு அச்சிட்டிருக்கும் நேரத்தைப் பார்த்து, அதற்கு முக்கால் மணி நேரம் முன்பே இடத்துக்குப் போய்விட வேண்டும். கடிகாரம் பார்க்காமலே கணிக்க நாயின் நிழல் உதவும். நிழல் அதன் உயரத்தைப்போல் ஐந்தாறு மடங்கு நீண்டிருந்தால் சூரியன் 10 டிகிரி உயரத்தில் இருக்கிறது, கையில் 40 நிமிடம் இருக்கிறது. நிழல் பத்து மடங்கை நெருங்கிவிட்டால் 25 நிமிடம். இந்த இரண்டுக்கும் நடுவில் எடுத்து முடித்துவிடுவது புதியவர்களுக்கு நல்லது. ஏனென்றால் கடைசிப் பத்து நிமிடத்தில் வெளிச்சம் குறையும் வேகத்துக்குக் கேமராவின் அமைப்பை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும்.

தமிழ்நாட்டின் நில அமைப்பும் என் கட்சியில்தான் நிற்கிறது. நம் கடற்கரை பெரும்பாலும் கிழக்கு பார்த்தது. கன்னியாகுமரி, தனுஷ்கோடி போன்ற முனைகளை விட்டால், கடலில் சூரியன் மூழ்கும் காட்சி நமக்கு எளிதில் வாய்ப்பதில்லை. கொழும்பு காலிமுகத்திடலில் நிற்பவருக்கு மேற்கே கடல் இருக்கிறது. மெரினாவிலும் பெசன்ட் நகரிலும் நிற்பவருக்கு மேற்கே கட்டடங்கள்தான். இதைக் குறையாகச் சொல்வார்கள். விளக்குக் கணக்கில் பார்த்தால் இது பெரிய வசதி. ஊருக்கு முதுகு காட்டி, கடலைப் பார்த்து நின்றால், தோளுக்கு மேலே வரும் மாலை வெயில் நாயின் மேல் முழுதாக விழும். பின்னால் கடலும், அதற்கு மேலே இளநீலமும் இளஞ்சிவப்பும் கலந்த கிழக்கு வானமும் இருக்கும். நாயின் மேல் விழும் ஒளிக்கும் அந்த வானத்துக்கும் வெளிச்ச வித்தியாசம் அதிகம் இல்லாததால், மேலே சொன்ன கறுப்பு வெளுப்புச் சிக்கலே எழுவதில்லை. கட்டட நிழல் மணலில் ஏறி வருவதற்குள் முடிக்க வேண்டும் என்பது ஒன்றே கவனிக்க வேண்டியது. தென்காசி, தேனி, கோவையின் மேற்குப் புறங்கள் போன்ற இடங்களில் மலை இந்தக் கணக்கை இன்னும் முன்னே தள்ளும். மலையுச்சி அடிவானத்துக்கு 6 டிகிரி மேலே நின்றால், நாள்காட்டி சொல்லும் நேரத்துக்கு 25 நிமிடம் முன்பே வெயில் போய்விடும்.

முதுகைக் காட்டி நில்லுங்கள் என்றால் நேர் எதிரே நில்லுங்கள் என்று அர்த்தமில்லை. சூரியன் சரியாக உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் இரண்டு தொல்லை வரும். முதலாவது உங்கள் நிழல். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தரையிலிருந்து 80 சென்டிமீட்டர் உயரமே இருந்தாலும், 6 டிகிரிச் சூரியனில் உங்கள் நிழல் ஏழரை மீட்டர் நீளும். நாய் இருக்கும் இடத்தைத் தாண்டிப் போகும். அடுத்தது, வெயில் நேரே கண்ணில் அடிப்பதால் நாய் கண்ணைச் சுருக்கிக்கொள்ளும், அல்லது முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இரண்டுக்கும் மருந்து ஒன்றே. சூரியன் உங்கள் இடது தோளுக்கோ வலது தோளுக்கோ பின்னால் வரும்படி பக்கவாட்டில் நகர வேண்டும். 45 டிகிரி அளவுக்கு விலகினால் நிழல் படத்துக்கு வெளியே போய்விடும். முகத்தின் ஒரு பக்கம் பளிச்சென்றும் மறுபக்கம் மெல்லிய நிழலிலும் இருப்பதால் மூக்கு, நெற்றிமேடு, தாடை எல்லாம் எழுந்து நிற்கும். நாயின் கண்ணை நெருங்கிப் பாருங்கள். விழியின் மேல்பகுதியில் வானத்தின் ஒரு துண்டு வெள்ளைப் புள்ளியாக விழுந்திருக்கும். அது விழும்படி முகம் திரும்பியிருக்கும் கணத்தில் எடுத்தால் படத்தில் நாய்க்கு உயிர் வந்துவிடும். அந்தப் புள்ளி இல்லாத கண், எவ்வளவு கூர்மையாக ஃபோகஸ் ஆகியிருந்தாலும் மங்கலாகவே தோன்றும்.

உயரம் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதிப் படங்கள் கெடுவது அங்கேதான். நின்றபடி கீழே பார்த்து எடுத்தால் பின்னணியில் வருவது சிமென்ட் தரை. மாலை நேரம் என்பதற்கு அந்தப் படத்தில் சாட்சியே இருக்காது. கேமராவை நாயின் கண் மட்டத்துக்கோ அதற்குக் கீழேயோ இறக்கினால் தலை தரையை விட்டு எழுந்து வானத்துக்குள் போய்விடும். போனைத் தலைகீழாகப் பிடித்தால் லென்ஸ் தரைக்கு இன்னும் நெருங்கும், படத்தைப் போன் தானே நேராக்கிக்கொள்ளும். எலியட் எர்விட் 1974-இல் நியூயார்க்கில் எடுத்த புகழ்பெற்ற படத்தில் தொப்பி போட்ட ஒரு குட்டி நாய் முழுதாகத் தெரிகிறது. பக்கத்தில் நிற்கும் பெண்ணின் பூட்ஸும் ஒரு பெரிய நாயின் கால்களும் மட்டுமே தெரிகின்றன. அது அந்தி வெயில் படம் இல்லை. ஆனால் உலகத்தைக் குட்டி நாயின் உயரத்தில் வைத்துப் பார்த்தால் யார் பெரியவராகிறார் என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டும் படம் குறைவு.

ரோமத்தின் நிறம் கணக்கை மாற்றும். ராஜபாளையம் நாய் வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்டது. பொன் வெயிலை அப்படியே வாங்கிக்கொள்ளும், அந்தியில் எடுப்பதற்கு அதைவிட நல்ல நாய் இல்லை என்றே சொல்வேன். ஆனால் வெயில் படும் பக்கம் எளிதில் வெளுத்து, ரோமம் இழை இழையாகத் தெரியாமல் ஒரே திட்டாகிவிடும். திரையில் நாயைத் தொட்டதும் பக்கத்தில் தோன்றும் சூரியக் குறியைக் கொஞ்சம் கீழே இழுத்தால் சரியாகும். பழுப்புச் சிவப்பு நிறமும் கறுத்த மூஞ்சியும் உள்ள கோம்பை நாயில் உடம்புக்கு வெளிச்சம் சரியாக இருக்கும்போது முகம் இருண்டுவிடும். அதற்கு முகம் வெயிலைப் பார்த்தே இருக்க வேண்டும். கறுப்புக் கன்னி நாயும் கறுப்புப் பூனையும்தான் கடினம் என்று பொதுவாகச் சொல்வார்கள். உண்மையில் அவற்றுக்கு உகந்த நேரமே இதுதான். மதிய வெயிலில் கறுப்பு ரோமம் ஒன்று பளபளக்கும் அல்லது இருண்டுவிடும். படுக்கையாக விழும் வெயில்தான் தசையின் மேடு பள்ளத்தைக் காட்டி, கறுப்புக்குள் இருக்கும் பழுப்பையும் எடுத்துக் காட்டும். இங்கேயும் எக்ஸ்போஷரைக் குறைக்கத்தான் வேண்டும். கறுப்பைப் பார்த்த கேமரா, இருட்டாக இருக்கிறதே என்று வெளிச்சத்தைக் கூட்டிக் கறுப்பைச் சாம்பலாக்கிவிடும்.

அஸ்தமனப் படம் என்று சொல்லிவிட்டு அஸ்தமனத்தையே காட்டாமல் விட்டால் என்ன நியாயம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சூரியனுக்கு எதிராக எடுப்பதில் இரண்டு நல்ல வழிகள் உண்டு, இரண்டுமே ஒன்றை விட்டுக்கொடுத்தால்தான் நடக்கும். ஒன்று, ரோமத்தின் விளிம்பில் ஒளிக்கோடு விழவைப்பது. இதற்குச் சூரியன் நாய்க்குப் பின்னால் இருக்க வேண்டும், ஆனால் படத்துக்குள் இருக்கக் கூடாது. பின்னணி நிழல் விழுந்த மரமாகவோ சுவராகவோ இருந்தால்தான் கோடு தெரியும், பளிச்சென்ற வானத்தின் முன்னால் அது காணாமல் போய்விடும். இந்த இடத்தில் வானத்தை விட்டுக்கொடுக்கிறோம். பொமரேனியன், கோல்டன் ரெட்ரீவர் போன்ற நீள்ரோம நாய்களுக்கு இந்தக் கோடு அகலமாக விழும். முகம் ரொம்ப இருண்டால் எதிரே ஒரு வெள்ளை வேட்டியையோ, சினிமாப் படப்பிடிப்பில் பிடிப்பதுபோல் ஒரு தெர்மோகோல் அட்டையையோ பிடித்தால் திரும்பி வரும் ஒளி போதும். லென்ஸைத் துடைத்துவிட்டு எடுங்கள். போன் லென்ஸில் ஒட்டியிருக்கும் விரல் எண்ணெய், எதிர் வெயிலில் படம் முழுக்கப் புகை படிந்தாற்போல் செய்துவிடும்.

இன்னொன்று நிழலுரு. இங்கே முகத்தையே விட்டுக்கொடுக்கிறோம். வானத்தைத் தொட்டு எக்ஸ்போஷரை வைத்து, நாய் முழுக்கக் கறுப்பாகட்டும் என்று விட்டுவிட வேண்டும். எட்வர்ட் மைபிரிட்ஜ் 1878-இல் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் 12 கேமராக்களை வரிசையாக வைத்து ஓடும் குதிரையை எடுத்த படங்கள் கிட்டத்தட்ட நிழலுருக்கள்தான். குதிரையின் கண்ணோ ரோமமோ அவற்றில் தெரியாது. ஆனாலும் பாய்ச்சலில் நான்கு கால்களும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழுகின்றனவா என்ற நெடுநாள் கேள்விக்கு அவை விடை சொல்லிவிட்டன. பக்கவாட்டில் நிற்கும் உடலின் வெளிக்கோடு அவ்வளவு செய்தியைச் சுமக்கும். ஆனால் எல்லா உடலும் சுமக்காது. ஆழ்ந்த மார்பும் ஒட்டிய வயிறும் வளைந்த மெல்லிய வாலும் கொண்ட சிப்பிப்பாறை நாய் பக்கவாட்டில் நின்றாலே படம். காங்கேயம் காளைக்குத் திமிலும் கொம்பும் இருக்கின்றன. முகத்தை நேரே காட்டி உட்கார்ந்திருக்கும் பொமரேனியனின் நிழலுருவோ என்னவென்றே தெரியாத ஒரு உருண்டை. எதிர் ஒளியில் எடுப்பது தவறு என்று நான் சொல்லவில்லை. எதை இழக்கிறோம் என்று தெரிந்து எடுப்பவருக்கு அது நல்ல படம். தெரியாமல் எடுப்பவருக்குத்தான் முதல் பத்தியில் சொன்ன கறுத்த நாய் கிடைக்கிறது. கண்ணாடி வழியாகப் பார்க்கும் பெரிய கேமராவும் ஜூம் லென்ஸும் வைத்திருப்பவர்கள் அதன் வழியே சூரியனை நேரே பார்க்கவே கூடாது, விழித்திரை பாதிக்கப்படும்.

இன்றைய போன்கள் ஒரே சொடுக்கில் பல படங்களை எடுத்து, வானத்தை ஒன்றிலிருந்தும் முகத்தை இன்னொன்றிலிருந்தும் எடுத்து ஒட்டித் தருகின்றனவே, பிறகு ஏன் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது அடுத்த மறுப்பு. எச்.டி.ஆர் என்ற அந்த வசதி அசையாமல் கிடக்கும் மலைக்கும் கோபுரத்துக்கும் நன்றாகவே வேலை செய்கிறது. வாலாட்டும் நாய்க்கு அடுத்தடுத்த படங்களில் வால் வேறு வேறு இடத்தில் இருப்பதால், ஒட்டும்போது வாலுக்குப் பேய் உருவம்போல் ஒரு மங்கல் வந்துவிடலாம். பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் மோடு மீசையையும் காதோரத்து ரோமத்தையும் சேர்த்து அழித்துவிடுவதும் இதே கதைதான். அசையாமல் உட்கார்ந்திருக்கும் நாய் என்றால் எச்.டி.ஆரைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் பின்னால் சூரியன் எரிய, முன்னால் முகத்திலும் வெளிச்சம் விழுந்திருக்கும் அந்தப் படத்தில், முகத்துக்கு வெளிச்சம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குப் பதில் இருக்காது. பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் ஏதோ ஒட்டவைத்ததுபோல் தோன்றும். எடிட்டிங்கில் வேறொரு வானத்தைக் கொண்டுவந்து வைப்பதும் இங்கேதான் மாட்டிக்கொள்கிறது. வானத்தை மாற்றலாம், ரோமத்தில் விழுந்த ஒளியின் திசையை மாற்றுவது எளிதில்லை.

‘இதெல்லாம் உட்காரும் நாய்க்கு, எங்கள் வீட்டு நாய் ஒரு நிமிடம் நிற்காதே’ என்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது, நாயை நகர்த்தாதீர்கள், நீங்கள் நகருங்கள் என்பதுதான். அந்தி நேரத்தில் நாயும் பூனையும் இயல்பாகவே சுறுசுறுப்பாகும். அவற்றின் மூதாதைகள் விடியலிலும் அந்தியிலும் வேட்டையாடியவை. அந்த நேரத்தில் அடக்கி உட்காரவைப்பது வீண்வேலை. அது எங்கே ஓடும், எங்கே முகர்ந்து நிற்கும் என்பது வளர்ப்பவருக்குத் தெரியும். வெயில் விழும் பக்கமாகப் போய் அங்கே காத்திருக்க வேண்டும். சும்மா நிற்கும் நாய்க்கு ஷட்டர் வேகம் ஒரு நொடியில் 250-இல் ஒரு பங்கு போதும். ஓடும் நாய்க்கு 1000-இல் ஒரு பங்காவது வேண்டும். அதற்கு வெளிச்சம் தேவை, அந்த வெளிச்சம் சூரியனுக்கு முதுகு காட்டும்போதுதான் தாராளமாகக் கிடைக்கும். பொத்தானை அழுத்திப் பிடித்துத் தொடர்ச்சியாகப் பல படங்கள் எடுத்து ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். கவனத்தை இழுக்கப் பந்து காட்டுவதானால் நீலப் பந்தோ மஞ்சள் பந்தோ காட்டுங்கள். நாய்க்கு நிறம் அறியும் கூம்பு செல்கள் இரண்டு வகைதான் என்று ஜே நீட்ஸும் உடன் ஆய்வாளர்களும் 1989-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. புல்லில் கிடக்கும் சிவப்புப் பந்து அதற்கு எளிதில் பிரிந்து தெரியாது. நாம் மயங்கி நிற்கும் செவ்வானமும் அதற்கு நமக்குத் தெரிவதுபோல் தெரிவதில்லை! நாக்கால் மூக்கை நக்கிக்கொண்டே இருந்தாலும், தூக்கமில்லாமலே கொட்டாவி விட்டாலும், காதைப் பின்னுக்கு மடித்து முகத்தைத் திருப்பினாலும் அதற்குப் போதுமென்று பொருள். அன்றைக்குக் கேமராவை மூடிவிட வேண்டும்.

பூனைக்கு வெளியே போகவே வேண்டாம். மேற்குப் பார்த்த ஜன்னல் உள்ள அறையில் மாலை வெயில் தரையில் எங்கே கட்டம் கட்டுகிறதோ அங்கே பூனை தானாக வந்து படுக்கும். நீங்கள் ஜன்னலோரமாக உட்கார்ந்துகொண்டு அறையின் உள்ளே பார்த்து எடுத்தால், மேலே சொன்ன விதிகள் எல்லாம் அங்கேயும் பொருந்தும். ஜன்னல் கம்பியின் நிழல் உடம்பில் விழுவதைத் தவிர்க்க வேண்டியதில்லை, முகத்துக்குக் குறுக்கே விழாமல் பார்த்துக்கொண்டால் போதும். பூனையின் கண்மணி நேர் வெயிலில் மெல்லிய கோடாகச் சுருங்கும், வெளிச்சம் குறையக் குறைய வட்டமாக விரியும். கோடாக இருக்கும்போது கடுகடுப்பாகத் தோன்றும் அதே பூனை, வெயில் கட்டத்தின் ஓரத்து நிழலுக்கு வந்ததும் குட்டி போலாகிவிடுகிறது. வெயிலிலிருந்து ஒரு முழம் தள்ளி எடுத்துப் பாருங்கள்.

மொட்டை மாடிக்குக் கொண்டுபோவதாக இருந்தால் சில எச்சரிக்கைகள். அழகாக இருக்கிறது என்று கைப்பிடிச் சுவரின் மேல் பூனையையோ குட்டி நாயையோ நிறுத்தி எடுப்பதை மன்னிக்கவே முடியாது. கேமராவைத் தரையில் இறக்கினால் சுவரில் ஏற்றாமலே தலை வானத்துக்குள் வந்துவிடும் என்று பார்த்தோமே. ஏப்ரல், மே மாதங்களில் சிமென்ட் தரை மாலை ஐந்தரைக்கும் சூடாகத்தான் இருக்கும். புறங்கையை ஏழு வினாடி வைத்திருக்க முடியாத தரையில் நாயை நடக்கவிடக் கூடாது. கடற்கரையில் கயிறு கட்டாயம். ஆண்டின் முதல் மாதங்களில் சென்னைக் கடற்கரைக்குப் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. தோண்டும் பழக்கமுள்ள நாய்களால் அந்தக் குழிகளுக்கு ஆபத்து. கயிறு படத்தில் தெரியுமே என்றால் தெரியட்டும். மெல்லிய கயிறாக இருந்தால் பிறகு எடிட்டிங்கில் அழித்துக்கொள்ளலாம்.

எல்லாவற்றையும்விட வலுவான மறுப்பு ஒன்று இருக்கிறது. இதே ஒளி காலையிலும் வருகிறதே, அப்புறம் ஏன் அந்தி? சூரியனின் கோணம் இரண்டு வேளையும் ஒன்றுதான். காலையில் தரை குளிர்ந்திருக்கும், கூட்டம் இருக்காது. தமிழ்நாட்டுக் கடற்கரையில் கடலுக்கு மேலே சூரியனைப் பார்க்க வேண்டுமென்றால் காலைதான் வழி. கோடைகாலத்தில் நாயின் கால்களுக்காகவே நான் காலையைச் சொல்வேன். அந்திக்குச் சாதகமாக இருப்பது, பகலெல்லாம் கிளம்பிய தூசு வெயிலின் கடுமையைக் குறைப்பது, வெளிச்சம் கூர்மையிலிருந்து மென்மைக்குப் போவது, அத்தோடு வேலை முடிந்து வீடு திரும்பியவர்களுக்கு வசதியான நேரம் என்பது. காலையில் எடுப்பவர்கள் ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும். மாலையில் ஊருக்கு முதுகு காட்டியவர்கள் காலையில் கடலுக்கு முதுகு காட்ட வேண்டும்.

சூரியன் மறைந்த பிறகும் இருபது நிமிடத்துக்கு மேல் வானத்தில் வெளிச்சம் நிற்கும். அப்போது நிழலே விழாது, மேற்கு வானம் முழுவதும் ஒரு பெரிய மென்மையான விளக்காகிவிடும். நாயை அதைப் பார்க்கவைத்து எடுத்தால் கண் சுருங்காது. சோம்பேறி நாய்களுக்கும் வயதான நாய்களுக்கும் ஏற்ற நேரம் அது. ஓடுகிற நாயைப் போனில் எடுக்க இந்த வெளிச்சம் பற்றாது, அதற்குப் பெரிய சென்சார் உள்ள கேமராதான் வேண்டும், இதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஃபிளாஷ் போட்டுச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். நாய், பூனையின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருக்கிறது. இருட்டில் அவை நம்மைவிட நன்றாகப் பார்ப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஃபிளாஷ் வெளிச்சம் அதில் பட்டு நேராகக் கேமராவுக்கே திரும்புவதால் கண் பச்சையாகவோ மஞ்சளாகவோ எரியும். இருட்டில் கண்மணி முழுக்க விரிந்திருக்கும் நேரத்தில் முகத்தின் மேல் ஃபிளாஷ் அடிப்பது அந்த உயிருக்கும் கூசும். நைட் மோடு ஓரிரு நொடி அசையாமல் இருக்கச் சொல்லும், அது தூங்கும் நாயிடம் மட்டுமே நடக்கும். வானம் கருநீலமான பிறகும் எடுக்க வேண்டுமென்றால் வாசல் விளக்கைப் போட்டு, படியில் நாயை உட்காரவைத்து, விளக்கு உங்கள் தோளுக்குப் பின்னால் வரும்படி நகர்ந்துகொள்ளுங்கள்.